பத்து நாள் பயிலரங்கு ஓர் ஆய்வாளரை உருவாக்குமா?

சமூக அறிவியலிலும் பொதுச் சுகாதாரத்திலும் ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்தியாவில் இன்று பயிற்சிக்குப் பஞ்சமில்லை. 1969இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.), முனைவர் பட்ட மாணவர்களுக்கான பத்து நாள் ஆய்வுமுறையியல் வகுப்புகளுக்கு நாடெங்கும் நிதி தருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மருத்துவ ஆய்வின் அடிப்படைகளை இணையவழியில் கற்பிக்கிறது. ஆய்வு அறம், வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019 இறுதியில் முனைவர் பட்டப் படிப்புக்குக் கட்டாயமாக்கியது. இவை போதாதென்று கல்லூரிகள் நடத்தும் கருத்தரங்குகளும் பயிலரங்குகளும் ஏராளம். இத்தனையும் ஆய்வின் தரத்தை உயர்த்துகின்றனவா என்பதே கேள்வி.

இவற்றின் நன்மை சிறிதல்ல. மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசுக் கலைக் கல்லூரியில் ஆய்வு செய்யும் மாணவிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நெறியாளர்தான். அவருக்குத் தெரிந்த முறையே மாணவியின் முறையாகிவிடும். நெறியாளர் வினாநிரல் கொண்டு மட்டுமே ஆய்வு செய்தவர் என்றால், ஆழ்நேர்காணலோ குழுக் கலந்துரையாடலோ அந்த மாணவியின் கண்ணில் படுவதேயில்லை. பத்து நாள் பயிலரங்கு அந்தக் கதவைத் திறக்கிறது. சமூகவியல் மாணவியும் செவிலியர் கல்லூரி ஆசிரியரும் பொருளியல் ஆய்வாளரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். ஒருவர் கேள்வியை இன்னொரு துறைக்காரர் எப்படிப் பார்க்கிறார் என்பது அங்கே தெரியவருகிறது. நெறியாளரிடம் கேட்கத் தயங்கிய ஐயத்தைத் தெரியாத ஒரு பேராசிரியரிடம் கேட்டுவிட முடிகிறது. வீட்டையும் வேலையையும் விட்டுப் பத்து நாள் வெளியூரில் தங்க முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இணையவழி வகுப்புகள் பெரிய வாய்ப்பு.

பயிற்சியைக் கட்டாயப்படுத்தியதிலும் நியாயம் உண்டு. பணி உயர்வுக்குப் புத்தொளிப் பயிற்சி தேவை என்ற விதி இல்லாவிட்டால், எத்தனையோ கல்லூரி நிர்வாகங்கள் ஆசிரியருக்கு விடுப்பே தந்திருக்காது. ஆய்வுமுறையியலுக்குக் குறைந்தது நான்கு கிரெடிட் ஒதுக்க வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2016ஆம் ஆண்டு விதிமுறை சொன்ன பிறகுதான், அந்தப் பாடத்தைப் பொருட்படுத்தாமல் இருந்த துறைகள் அதற்குப் பாடத்திட்டம் எழுத வேண்டியதாயிற்று.

ஆனால் கதவைத் திறந்த அதே விதிகள், உள்ளே நடப்பதைக் கவனிக்கவில்லை. ஆசிரியர் பணி உயர்வு பற்றிய யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கு மதிப்பெண் உண்டு: மாநில அளவில் என்றால் 2, தேசிய அளவில் 3, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5. கட்டுரை எப்படி இருந்தது, அங்கே எழுந்த விவாதம் அதை எப்படித் திருத்தியது என்பவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே நிகழ்ச்சியின் பெயரில் ‘பன்னாட்டு’ என்ற சொல் சேருகிறது. ஒரே நாளில் ஏராளமான கட்டுரைகள், ஆளுக்குச் சில நிமிடங்கள், கேள்விக்கு நேரமில்லை. இளம் ஆய்வாளருக்குக் கருத்தரங்கு தர வேண்டிய முதன்மையான பயன், தன் வாதத்தை மூத்தவர்கள் முன்வைத்து அடிவாங்கித் திருந்துவது. அது அங்கே நடப்பதில்லை.

பயிலரங்குகளின் பெரிய குறை, மென்பொருளை ஆய்வுமுறையாகக் கருதிவிடுவது. எஸ்.பி.எஸ்.எஸ். வகுப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த அட்டவணை வரும் என்று கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சிக்குத் தரப்படுவதோ ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்ட, வேறு யாருடையதோ தரவு. ஊருக்குத் திரும்பித் தன் தரவைத் திறக்கும்போது பாதிப் பேர் வருமானக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தவர்களிடம் மட்டும் எடுத்த மாதிரி, மருத்துவமனைக்கே வராதவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்தச் சிக்கல்களை எந்த மென்பொருளும் தீர்க்காது. p மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டால் ஆய்வு வென்றுவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் மாணவரிடம் தங்கிவிடுகிறது.

அறப் பயிற்சியும் இப்படித்தான் சுருங்கிவிட்டது. கருத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் இன்னொரு 2018ஆம் ஆண்டு விதிமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. வகுப்பின் பெரும்பகுதி அந்த 10 விழுக்காட்டுக்குள் வருவது எப்படி என்பதிலேயே கழிகிறது. களத்தில் எழும் அறக் கேள்விகள் வேறு. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கருத்தடை பற்றிக் கேட்டால் மருமகள் தரும் பதிலும் ஒப்புதலும் எத்தகையவை? ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு வரவழைக்கப்பட்ட தலித் பெண் நேர்காணலுக்கு மறுப்புச் சொல்ல முடியுமா? ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டி சுகாதாரம் சார்ந்த சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. அதை வரி வரியாக வாசித்து, பங்கேற்பவரின் களத்தோடு ஒப்பிட்டு விவாதிப்பதுதான் அறப் பயிற்சி.

பயிற்சியை மதிப்பிடும் முறையும் மேலோட்டமானது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: பங்கேற்றவரின் மனநிறைவு, கற்றது, செயலில் வந்த மாற்றம், இறுதி விளைவு. நம் பயிலரங்குகள் கடைசி நாள் கருத்துப் படிவத்தோடு முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து அந்த மாணவியின் வினாநிரல் மாறியதா என்று கேட்பார் இல்லை.

மாற்று வழி இருக்கிறது. சர்வதேசக் காசநோய் ஒன்றியமும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009இல் தொடங்கி, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் ‘சார்ட் இட்’ என்ற பெயரில் பரவிய பயிற்சியைப் பாருங்கள். பங்கேற்பவர் தன் பணியிடத்துக் கேள்வியோடு வருகிறார். முதல் கட்டத்தில் ஆய்வுத் திட்டம், அடுத்த கட்டத்தில் தரவும் பகுப்பாய்வும், கடைசியில் கட்டுரை. இடைப்பட்ட மாதங்களில் ஊரில் களப்பணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கு உண்டு. அதை எட்டாதவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. சென்னைத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இல் தொடங்கிய இரண்டாண்டுக் களத் தொற்றுநோயியல் பயிற்சியிலும் கற்பதில் பெரும்பங்கு களத்தில்தான் நடந்தது.

இந்த வழிக்கும் விலை உண்டு. சிலருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் நடத்தினால், பயிற்சி பெறுவோர் எண்ணிக்கை குறையும். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அப்படிப்பட்ட வழிகாட்டிகள் இல்லை. ஆகவே குறுகிய பயிலரங்கை ஒழிக்க வேண்டியதில்லை. அதை நுழைவாயிலாக வைத்துக்கொண்டு, முடிவாகக் கருதுவதை மட்டும் விட வேண்டும்.

புதிய நிறுவனமோ பெரும் நிதியோ இல்லாமலே நான்கைச் செய்யலாம். பயிலரங்குக்கு வருகிறவர் தன் ஆய்வுத் திட்டத்தையோ வினாநிரலையோ தரவையோ கையில் கொண்டுவர வேண்டும். விரிவுரை நேரத்தைப் பாதியாக்கி மீதியை அதைத் திருத்தச் செலவிட வேண்டும். பத்து நாளை ஆறாகவும் நான்காகவும் பிரித்து, நடுவில் மூன்று மாதக் களப்பணிக்கு இடம்விட வேண்டும். திருத்திய வேலையைக் காட்டியவருக்கே சான்றிதழும் பணி உயர்வுக்கான மதிப்பெண்ணும் தர வேண்டும்.

ஆய்வாளர் தவறாகக் கேட்ட கேள்வியின் சுமை கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. மாதிரியில் விடுபட்ட ஊருக்கு மருந்தும் திட்டமும் கணக்குத் தப்பிப் போகின்றன. பயிற்சிக்குச் செலவாகும் பொதுப்பணத்துக்கு நாம் கேட்க வேண்டிய கணக்கு, எத்தனை பேர் வந்தார்கள் என்பதல்ல. அவர்களில் எத்தனை பேருடைய ஆய்வு திருந்தியது என்பதே.