கடலுக்கு அடியில் இறங்கும் தரை

முல்லைத்தீவைச் சுமக்கும் அதே இந்தியத் தட்டுத்தான் வங்கக் கடலின் அடியிலும் விரிந்து, சுமாத்திராவுக்கு மேற்கே சுண்டா அகழியில் பர்மாத் தட்டின் கீழ் இறங்குகிறது, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றராக. இறக்குவது பெரும்பாலும் அதன் சொந்தப் பாரமே. ஆறி இறுகிய பழைய கடற்பாறை அமிழும்போது பின்னாலுள்ள தட்டையும் இழுத்துச் செல்கிறது. எவ்வளவு பொறுமையான வேலை! ஆழத்தில் அது கக்கும் நீர் மேலுள்ள சூடான பாறையை உருக்க, அந்தமானில் பாரன் தீவு எரிமலை எழுந்தது.

சில இடங்களில் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். மேல்தட்டு நூற்றாண்டுக் கணக்கில் வில்லாய் வளையும். 2004 டிசெம்பர் 26 காலை அந்தப் பிடி சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு விட்டுப்போனது. நிலநடுக்க அளவு 9.1. வளைந்த தட்டு நிமிர்ந்ததில் எழுந்த சுனாமி அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவின் கள்ளப்பாட்டையும் சிலாவத்தையையும் அடித்துச் சென்றது. அன்று போனவர்களை நினைக்காமல் இந்த அறிவியலை என்னால் ரசிக்க முடியாது.

தட்டு நிமிர்ந்தபோது தாய்லாந்துப் பக்கம் கடற்தரை தாழ்ந்தது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எங்கள் பக்கம் கடற்தரை உயர்ந்தது. அதனால் முதலில் வந்ததே பொங்கிய நீர்தான். கடல் உள்வாங்கி ஓடித் தப்பச் சொல்லும் அந்த அடையாளம்கூட இந்தக் கரைக்குக் கிடைக்கவில்லை.