மெட்டில்லாத் தந்தி

ஆடிக் கிருத்திகை நாள்களில் திருத்தணியில் அமைதியை நாடுவது வீண். மலைக்கு ஏறும் 365 படிகளிலும் காவடிகள். சாலை நெடுக ஒலிபெருக்கிகள். தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று முந்தும் மக்கள் வெள்ளம். பங்கு இல்லத்தின் சன்னல்களை எத்துணை இறுக அடைத்தாலும் பம்பையொலி உள்ளே வந்துவிடும். அத்தகைய ஓர் இரவில், ஊர் ஓய்ந்த பின்னர், குருமட நாள்களில் ஒலிநாடாவில் கேட்டுப் பின்னர் மறந்தே போயிருந்த ஓர் இசைத்தொகுப்பை மீண்டும் கேட்கலானேன். மூன்று இரவுகள் தொடர்ந்து கேட்டேன். அது என்னுள் எழுப்பிய எண்ணங்களே இக்கட்டுரை.

தொகுப்பின் பெயர் ‘எ மீட்டிங் பை த ரிவர்’. ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு என்று பொருள் கொள்ளலாம். ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட் ஒருபுறம். அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடர் மறுபுறம். சுக்விந்தர் சிங் நாம்தாரியின் தபலாவும், கூடரின் பதின்வயது மகன் ஜோகிம் வாசித்த மேற்காசிய முரசும் துணை. 1992-இல் பதிவாகி 1993-இல் வெளிவந்தது. 1994-இல் கிராமி விருது பெற்றது. பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னர்தான் இருவரும் முதன்முதலாக நேரில் சந்தித்தனர் என்பர். ஒத்திகை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. இருந்தும் நாற்பது நிமிட அளவிலான இந்த நான்கு பாடல்களில் ஒருவரையொருவர் தேடிக் கண்டடையும் பரிவு இருக்கிறது.

இவ்விருவரையும் இணைத்தது ஒரே உத்தி. நம் பாடற்குழு இளைஞர் கிதார் வாசிக்கும்போது விரலால் தந்தியை மெட்டின் மீது அழுத்துகிறார். மெட்டு என்பது சுரத்துக்கு இட்ட வேலி. விரல் சற்றே முன்பின் விழுந்தாலும் சுரம் பிசகுவதில்லை. நழுவு கிதாரில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கூடர் விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிச் செல்கிறார். பட் கிதாரை மடிமீது கிடத்தி எஃகுக் கோலை நகர்த்துகிறார். தந்தி மெட்டைத் தொடுவதே இல்லை. கோல் மயிரிழை விலகினாலும் அபசுரம். மெட்டுகள் அங்கே வெறும் அடையாளக் கற்கள். வழிகாட்டுவது காது ஒன்றே. இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழி முழுவதும் கேட்கிறது. மனிதக் குரலுக்கு இதனினும் நெருங்கிய தந்திக் கருவிகள் மிகச் சிலவே.

இந்த உத்தி ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற மாணவரிடம் தோன்றியது என்பது அத்தீவினரின் மரபு வரலாறு. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். நம் நாட்டில் ‘ஹவாயன் கிதார்’ பரவியதில் அவருக்குப் பங்குண்டு. பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்துக் காட்டினார். பட் மேலும் ஒரு படி சென்று, பக்கத்தந்திகளையும் தாமே அதிரும் 12 பரிவுத்தந்திகளையும் பூட்டி, அதற்கு ‘மோகன வீணை’ என்று பெயரிட்டார்.

இவ்விடத்தில் ஒரு தமிழ் வாசகர் புன்னகைத்தல் தகும். கோலால் தந்தியை வருடும் இசை நமக்குப் புதிதன்று. மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம், இன்று சித்திரவீணை எனப்படுவது, நம்மிடையே இருக்கிறது. அதனைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய பெருமை திருவிடைமருதூர் சகாராம ராவுக்கு உரியது. அவருடைய மாணவர் நாராயண ஐயங்கார் அதில் பரிவுத்தந்திகளைச் சேர்த்தார். மகன் நரசிம்மன், பேரன் ரவிகிரண் என அந்த வழி தொடர்ந்தது. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் ஆகியோரும் அக்கருவியால் புகழ் பெற்றவர்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் இதே சகாராம ராவிடம் பயின்றவர் என்பதை அறிந்தபின் அவருடைய விளம்பகாலப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்; அந்த இழைவில் ஒரு கோலின் நிழல் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சில சுரங்களையே பெறமுடியும். கோட்டுவாத்தியத்தில் ஒரு ஸ்தாயி முழுவதையும் ஒரே மூச்சில் கடக்கலாம். ஆனால் விரைவான சுரக்கோவைகளில் கோல் வாசிப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அதனை மேடையில் வாசிப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கிராமி விருதுக்குக் கைதட்டும் நாம் இதை எண்ணி வெட்கப்பட வேண்டும்.

தொகுப்புக்கு மீள்வோம். பலரும் போற்றுவது ‘கேஞ்சஸ் டெல்டா புளூஸ்’ என்ற மூன்றாம் பாடலை. கங்கைச் சமவெளியையும் மிசிசிப்பிச் சமவெளியையும் ஒரு பெயரில் முடிச்சிட்ட சாதுரியம் அது. எனக்கு அது சற்றுக் குறையாகவே படுகிறது. விருந்துக்கு வந்த இருவர் ‘முதலில் நீங்கள்’ ‘இல்லை, நீங்கள்’ என்று உபசரித்துக்கொள்வதுபோல முறைவைத்து வாசிக்கின்றனர். பட்டின் விரைவு வியக்க வைக்கிறது, நெஞ்சைத் தொடவில்லை. நழுவு கிதாரில் விரைவு ஒரு சோதனை. வழியைக் கேட்கவைப்பதற்கென்றே உருவான கருவியில் வழியைக் கேட்கவிடாமல் ஓடுவதில் என்ன பயன்?

உண்மையான சந்திப்பு நான்காம் பாடலான ‘ஈசா லே’யில் நிகழ்கிறது. அது பிஜித் தீவினர் விருந்தினரை வழியனுப்பும்போது பாடும் விடைப்பாட்டு. மிக எளிய மெட்டு. ஆகவே இருவரும் தம் திறனை ஒதுக்கிவைத்துவிட்டு மெட்டையே பாடுகின்றனர். கூடர் சுரத்தின் சற்றுக் கீழிருந்து மெல்ல ஏறிவருகிறார். பட் மேலிருந்து நெளிந்து இறங்குகிறார். ஒரே சுரத்தை இருவேறு திசைகளிலிருந்து அடைகின்றனர். பிஜி என்றதும் நம் நெஞ்சில் வேறொன்றும் அசைகிறது. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற நம் பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாட்டை அறியாதார் யார்? சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கு எந்த விடைப்பாட்டும் பாடப்படவில்லை. திருத்தணியைச் சுற்றியும் கரும்பு வயல்கள் உண்டு. அவ்வழியே மிதிவண்டியில் செல்லும்போதெல்லாம் இந்தப் பாடல் நினைவில் எழுகிறது. இப்படி நினைப்பது இசைவிமர்சனத்துக்கு உரியதா என்று வல்லுநர்கள் கேட்கலாம், கேட்கட்டும்.

கூடரின் வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் வில்லி ஜான்சன் என்றொரு பார்வையற்ற கறுப்பினப் பாடகர் இருந்தார். தெருமுனைகளில் நற்செய்திப் பாடல்களைப் பாடி வாழ்ந்தவர். 1927 டிசம்பரில் டாலஸ் நகரில் ஒரு பாடலைப் பதிவு செய்தார். ‘இருண்டிருந்தது இரவு, குளிர்ந்திருந்தது தரை’ என்று பொருள்படும் அதன் தலைப்பு, கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் வேண்டியதைப் பற்றிய பழைய கீதம் ஒன்றிலிருந்து வந்தது. ஆனால் அவர் அக்கீதத்தின் சொற்களைப் பாடவில்லை. முனகுகிறார், தந்தி அம்முனகலுக்கு மறுமொழி கூறுகிறது, சில வேளைகளில் எது குரல், எது தந்தி என்றே பிரித்தறிய இயலவில்லை. 1977-இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டிலும் அது இடம்பெற்றது. 1984-இல் ‘பாரிஸ், டெக்சாஸ்’ என்ற திரைப்படத்துக்குக் கூடர் அமைத்த இசையின் வித்தும் அதுவே. கெத்சமனியைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். சொல்லே இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்கு அவை ஈடாகமாட்டா.

‘ஆற்றங்கரைச் சந்திப்பு’ பதிவானதும் ஒரு சிற்றாலயத்தில்தான். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய புனித அந்தோனியார் குருமடத்தின் ஆலயம் அது. அக்கற்சுவர்கள் ஒலியை ஏந்தித் திருப்பித் தரும் அழகைப் பதிவில் கேட்கலாம். இதை நெடுநாள் பெருமையாகச் சொல்லிவந்தேன். பின்னர்தான் அறிந்தேன்: 1987-இல் மூடப்பட்ட அக்குருமடத்தில் பயின்ற சிறுவர்களுக்குத் துறவியர் சிலர் இழைத்த பாலியல் கொடுமைகளை, இத்தொகுப்பு வெளிவந்த அதே 1993-இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. இசையின் மீது அந்தப் பழி இல்லை. ஆயினும் ஆலயத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘கிதார் மேல்நாட்டுக் கருவி, அதில் நம் இராகம் எதற்கு?’ என்று பங்கில் ஒரு பெரியவர் கேட்டார். நம் ஊர் மலையையே சான்றுக்கு அழைத்தேன். முத்துசாமி தீட்சிதர் தம் முதற்பாடலை இயற்றிய தலம் திருத்தணி என்பது இசையுலகின் வழிவழி மரபு. அந்தத் தீட்சிதரே ஆங்கிலேயப் படையின் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். நோட்டு சுரங்கள் என்று அவற்றை அழைக்கிறோம். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று பிடிலை அந்நியம் என்பவர் எவருமில்லை. நம் கமகத்துக்கு அது இடம் தந்தது, ஆகவே தங்கிவிட்டது. பெரியவர் உடனே இசைந்துவிடவில்லை. ‘பிடிலுக்கு மெட்டு கிடையாதே, ஃபாதர்’ என்றார். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

நம் ஆலயங்களில் கிதார் நுழைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆனால் அது தாளம் தட்டும் பணியையே செய்கிறது. நான்கு சுரக்கூட்டுகளைக் கற்றவுடன் இளைஞர் திருப்பலியில் வாசிக்க வந்துவிடுகின்றனர். ஒரு தனிச் சுரத்தை நிறுத்தி அதன் அழகைக் கேட்க எவரும் அவர்களுக்குக் கற்பிப்பதில்லை. எங்கள் பாடற்குழுப் பையன் ஒருவனிடம் ‘ஈசா லே’யைக் கேட்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் குழாய்ப் பணியாளரிடம் எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றை வாங்கி, ஓரத்தைத் தேய்த்து, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். தந்திகள் தாழ்ந்திருந்தமையால் குழாய் மெட்டில் இடித்துக் கரகரத்தது. தலைப்பலகைப் பக்கம் தந்திக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகி உயர்த்திக்கொண்டான். மாலைச் செபமாலை முடிந்து அனைவரும் போன பின் கோவில் திண்ணையில் அமர்ந்து, ‘சா’விலிருந்து ‘ரி’க்குப் போய்வருவதையே அரைமணி நேரம் பழகுகிறான். ‘ரி’ இன்னும் சற்றுத் தாழ்வாகவே விழுகிறது.