சட்டமும் ஒரு தகப்பனும்

மான்செஸ்டர் மாநகரப் பல்கலைக்கழகத்தில் சமத்துவச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஸ்டீபன் விட்டில் ஒரு திருநம்பி. 1992-இல் ‘பிரஸ் ஃபார் சேஞ்ச்’ இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 2002-இல் வெளிவந்த அவரது ‘ரெஸ்பெக்ட் அண்ட் ஈக்வாலிட்டி’ என்னும் நூலை, அவர் தொடுத்த வழக்கோடு சேர்த்தே வாசிக்கவேண்டுமென்பது நம் கருத்து. துணைவியார் ஈன்று தாம் வளர்த்த பிள்ளையின் பிறப்புப் பதிவேட்டில் தம்மைத் தந்தையென எழுதவேண்டுமென்று அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றார். 1997-இல் அந்நீதிமன்றம் அவர்களிடையே குடும்ப வாழ்வு உண்டென்று ஏற்றது. ஆயினும் தந்தையெனப் பதிய மறுத்ததில் உரிமை மீறல் இல்லையெனத் தீர்த்தது. குடும்பம் உண்டு, தகப்பன் இல்லை!

2004-ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம் அவரும் தோழரும் போராடிப் பெற்றது. எனினும் ஒருவர் யாரென்பதை மருத்துவ அறிக்கைகளைக் கொண்டு ஒரு குழு தீர்மானித்துச் சான்றிதழ் வழங்குகிறது. சட்டத்தின்மீது விட்டில் வைத்த நம்பிக்கை சற்று மிகையோ என்று ஐயுறுகிறோம். அச்சட்டமே, இத்தகையோரின் திருமணத்தை நடத்திவைக்க மனமில்லாத இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாருக்கு விலக்கும் அளித்தது. மனச்சாட்சிக்குரிய ஏற்பாடென்று முதலில் நாமும் அதனை வரவேற்றோம். ஆலய வாசலுக்கு வந்த இருவரிடம் என்ன சொல்லி அனுப்புவதென்று எண்ணிப் பார்த்தபின், அத்தனை உறுதியாயிருக்க நம்மால் இயலவில்லை.