ஒன்பது முகமூடிகளும் ஒரு மௌனமும்

ஆபிரிக்கக் கண்டத்தின் சட்டமுறைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றையே கணக்கிடுவர்: நைஜீரியாவிலும் கானாவிலும் ஆங்கிலச் சட்டம், செனகலிற் பிரெஞ்சுச் சட்டம், தென்னாபிரிக்காவில், நம் நாட்டிற்கும் வந்த அதே உரோமன் டச்சுச் சட்டம். அவற்றுக்கு முன்பே இருந்தவையெல்லாம் ‘வழக்காறு’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டுவிடும். 1958இல் வெளிவந்து, பின்னர் தமிழிற் ‘சிதைவுகள்’ எனப் பெயர்பெற்ற சினுவா அச்சிபேயின் நாவல், அந்தச் சொல்லுக்குள் மறைந்துகிடந்த நீதிமன்றமொன்றை நம் கண்முன் கூட்டிவைக்கின்றது.

மனைவியை அடித்துத் துன்புறுத்திய ஒருவனின் வழக்கை, முன்னோரின் ஆவிகளாக முகமூடி தரித்த ஒன்பதின்மர் விசாரிக்கின்றனர். அவர்கள் எவரையும் தண்டிப்பதில்லை. கள்ளுக் குடத்துடன் சென்று மனைவியை இரந்து அழைத்துவருமாறு கணவனைப் பணிக்கின்றனர். பிற்பகுதியில் வெள்ளையரின் நீதிமன்றம் ஒரு காணித் தகராற்றைத் தீர்க்கின்றது. மொழிபெயர்ப்பாளனுக்கும் ஏவலருக்கும் பணம் கொடுத்த குடும்பத்துக்கே காணி கிடைக்கின்றது. அத்தகராற்றிற் கொலைசெய்தவன் தூக்கிலிடப்படுகிறான்.

இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, பழையது நன்று, புதியது தீது என முடிவுகட்டும் விமர்சகர் நாவலை அவசரமாகப் படித்தவராவர். முதல் வழக்கில் அடிபட்ட பெண் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை; அவளுக்காகச் சகோதரன் பேசுகிறான். ஏனைய பெண்கள் அந்நியர்போல ஓரத்தில் நின்று பார்க்கின்றனர். அச்சிபே இதனைக் கண்டிக்கவில்லை, மறைக்கவுமில்லை.

அந்த மௌனம் கதையோடு முடிந்துவிடவில்லை. தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை என்னும் இக்போ வழக்காறு அரசியலமைப்புக்கு முரணானதென நைஜீரியாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இலேதான். அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரு மகள். எதிர்த்தரப்பில் நின்றவர்கள் இறந்தவரின் மனைவியும் மகனும்.