வடுச் சான்றும் வாய்ச் சான்றும்

சித்திரவதைக்கு ஆளாகிப் பிற நாட்டில் அடைக்கலம் புகுந்தோர்க்குச் சட்டம் தரும் காப்பு, ஒரு வடுவை எங்ஙனம் படிப்பது என்னும் வினாவிலே பலகால் தங்கிவிடுகின்றது. இவ்வினாவை விரிவாக எழுப்பியது, பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சுத் திங்களில் வழங்கிய தீர்ப்பு. அதனை ஈண்டு ஒரு நூலாகவே கொண்டு ஆராய்வாம்.

வழக்காடியவர் இலங்கைத் தமிழர். சிறைக்காவலில் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டதாக அவர் கூறினார். கைவடுக்களின் விளிம்பு கலங்கியும், முதுகுவடுக்களின் விளிம்பு திருத்தமுற்றும் இருந்தன. சுடுங்கால் கையை இழுத்தமையின் முன்னவை கலங்கின. பின்னர் உணர்விழந்து அசையாது கிடந்தமையின் பின்னவை திருந்தின எனப் பொருள் கொண்டார் மருத்துவர். மேல் தீர்ப்பாயமோ, 2014-இல், அத்திருத்தத்தையே ஐயத்திற்கு ஏதுவாக்கி, மயக்க மருந்தின் துணையால் அவர் பிறரைக் கொண்டு தம்மைச் சுடுவித்துக்கொண்டார் என முடித்தது.  2017-இல் மேன்முறையீட்டு மன்றத்து மூவருள் எலியாஸ் ஒருவரே இம்முடிவை மறுத்தார்; ஏனையோர், சூழலைப் பற்றி உரைத்தமையால் மருத்துவர் வரம்பு கடந்தார் என்றும் குறை கூறினர்.

வெண்ணிப் போரில் பெருஞ்சேரலாதன் பெற்ற புண் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. மார்பைக் குறித்து எறிந்த வேலே புறப்புண்ணாயிற்று. முதுகை மட்டும் கண்டோர் யாது கொள்வர்? புண் தான் வந்த வழியைத் தானே முற்றக் கூறாது.

1999-ஆம் ஆண்டின் இசுதான்புல் நெறிமுறை இதனை நன்குணர்ந்தது. ஒவ்வாதது, ஒத்தது, பெரிதும் ஒத்தது, அவ்வகைக்கு இயல்பானது, பிறிதொன்றான் ஆகாதது எனச் சான்றை அஃது ஐந்தாக வகுக்கின்றது. மூன்றாவதன் பொருள், வேறு காரணங்கள் சிலவே என்பது. அவ்வேகாரத்தை விட்டுச் 'சில உள' என்று படிப்பாரே மிகுதி. எல்லா வடுக்களையும் ஒருங்கு நோக்குக என்பதும் நெறிமுறையின் விதி. அடைக்கல வழக்கில் வேண்டுவது ஏற்கத்தகு வாய்ப்பளவே என்று பிரபுக்கள் அவை 1987-இலேயே வரையறுத்திருக்க, பிறிதொன்றான் ஆகாத சான்றை எதிர்நோக்குதல் பொருந்தாது என்பது எம் துணிபு.

உச்ச நீதிமன்றம் மருத்துவர் சூழலையும் மதிப்பிடலாம் என்றது. தம்மைத் தாமே இவ்வாறு சுடுவித்துக்கொள்வோர் மிகமிக அரியர் என்பதற்கும் பெரிதும் எடை தந்தது. வில்சன் பிரபுவின் உரையில் யாம் மிக மதிப்பது இப்பகுதியே. ஆயினும் வழக்கு மீண்டும் தீர்ப்பாயத்திற்கே அனுப்பப்பட்டது. 2011-இல் அடைக்கலம் வேண்டியவர், எட்டாண்டு கழிந்தும், தம் வடுக்களைப் பிறிதொரு முறை படிப்போர் முன் வைக்க வேண்டியவராயினார்.