இரட்டைக்குழலும் சிங்கனின் கண்ணியும்

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பற்றி நான் வாசித்தவை எல்லாம் ஆண்கள் எழுதியவை. பெரும்பாலும் காதல் கடிதத்தின் தொனி. வால்நட் கட்டையில் ஓடும் ரேகை, பூட்டுத் தகட்டில் செதுக்கிய கொடிகள், கொடிகளுக்கு நடுவே சிறகடிக்கும் கௌதாரி. எந்தப் பறவையைக் கொல்லப்போகிறதோ அதையே ஆயுதத்தின்மேல் பொறித்துவைக்கிற அழகுணர்ச்சி அது. அதை நிம்மதியாக ரசிக்க என்னால் முடியவில்லை.

ஆனாலும் அந்தக் கைவேலை சாதாரணமானதல்ல. பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை பெற்ற இயங்குமுறை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுத்தியல்களைப் பெட்டிக்குள் மறைத்தது. இரண்டு குழல்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. ஒரு குழலின் வாய் சற்று அகலம், கிட்டத்துப் பறவைக்கு. இன்னொன்றின் முனை ஒடுங்கியது, எழுந்து தூரம் போய்விட்ட பறவைக்கு. முதல் குண்டில் தப்பித்தாலும் தப்பவிடாத ஏற்பாடு. விலை உயர்ந்த துப்பாக்கி என்றால் வாங்குகிறவரின் கை நீளம், கழுத்து, தோள், கன்ன எலும்பு எல்லாம் அளந்து, அதற்கேற்பக் கட்டையை நீட்டி வளைத்துச் செய்வார்கள். சட்டை தைப்பதுபோல. பெண்களுக்கென்று எடை குறைந்தவையும் உண்டுதான், அவை விதிவிலக்குகள். மற்றபடி அந்த மரக்கட்டைக்குள் வசதி படைத்த ஓர் ஆணின் உடம்பு பத்திரமாக இருக்கிறது. அப்பாவின் அளவு மகனுக்குப் பொருந்தாவிட்டால் கட்டையைத்தான் மாற்றுவார்கள், வாரிசை அல்ல.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், வெள்ளையர்களுக்கு விலக்கு. உரிமமோ விலக்கோ பெற்ற பெரிய வீடுகளின் பழைய படங்களில் துப்பாக்கி மடியில் கிடக்கும், பறவைகள் காலடியில். பெண்கள் அந்தச் சட்டகத்திலேயே இல்லை. அவர்கள் அடுக்களையில் இருந்தார்கள். செங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்த ஆச்சி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "கொண்டாந்து போட்டுட்டுப் போயிருவாவ. அரிசில கல்லு பொறுக்குத மாதிரி கறில ரவை பொறுக்கணும். ஒண்ணு தப்பிப் பல்லுல பட்டுதுன்னா ஏச்சு நமக்கு." துப்பாக்கி ரசிகர்களின் எழுத்தில் இந்த ஈய ரவை பறவையின் உடம்புக்குள் போவதோடு கதை முடிந்துவிடும்.

குற்றாலத்தில் பறவை வேட்டைக்கு இதைவிடப் பழைய பிரதி ஒன்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய குற்றாலக் குறவஞ்சி. தென்காசியில் வகுப்பெடுக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: "மேம், சிங்கன் ஒரு பறவைகூடப் பிடிக்கலையே, அவன் என்ன வேட்டைக்காரன்?" சரியான கேள்வி. காடையும் கம்புளும் கொக்கும் மயிலும் கோயில் வயல்களில் வந்து இறங்குகின்றன. சிங்கன் கண்ணி வைக்கிறான். சிங்கியின் நினைப்பில் கோட்டை விடுகிறான். பறவைகள் போய்விடுகின்றன. பழி யார்மேல் விழுகிறது பாருங்கள். வேட்டை தவறியதற்கும் பெண்ணின் உடம்புதான் காரணம். கவிராயரின் சந்தத்தில் மயங்கி நாம் இதைக் கடந்துவிடுகிறோம். நானும் மயங்குகிறவள்தான், அது வேறு விஷயம்.

ஆனால் துப்பாக்கி இலக்கியம் ஒருபோதும் சொல்லாததைக் குறவஞ்சி சொல்கிறது: வேட்டைக்காரன் வெறுங்கையோடு நிற்கிறான். சம்பாதித்து வருகிறவள் சிங்கி. ஊர் ஊராய்ப் போய்க் குறி சொல்லி, சொல்லை விற்று, நகையோடு திரும்புகிறாள். அவள் காலில் கிடப்பதைப் பார்த்து விரியன் கடித்துக் கிடக்கிறதா என்கிறான் அவன். சேலத்துச் சீமையில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று அவள் விளக்கவேண்டியிருக்கிறது. நகைச்சுவை என்று உரைகள் சொல்லும். எனக்கு அது விசாரணையாகக் கேட்கிறது. மனைவியின் சம்பாத்தியத்துக்குக் கணக்குக் கேட்கும் குரல் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடியது.

விசாரணை அதோடு நிற்கவில்லை. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபின் குறவர்களின் பல பிரிவுகள் அதன் பட்டியலில் ஏறின. பெரிய வீட்டு ஆண் பறவையைச் சுட்டால் அது பொழுதுபோக்கு. சிங்கனின் வம்சம் கண்ணியோடு நடந்தால் சந்தேகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையின் கதவை இருவருக்கும் அடைத்தன. ஆனால் ஒருவரின் கருவி 'விண்டேஜ்' ஆகி, எண்ணெய் துடைத்த பெட்டிக்குள் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணிக்கு அப்படி ஒரு பெட்டியை யாரும் செய்யவில்லை. நான் பறவை பிடிப்பதற்கு வக்காலத்து வாங்கவில்லை. எந்த வன்முறைக்கு மட்டும் ஏக்கம் என்கிற அலங்காரம் கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

தேர்வில் சிங்கனின் பறவைப் பட்டியலைத்தான் கேட்பார்கள். மாணவிகளும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அடுத்த பருவத்தில் என் வகுப்புத் தேர்வில், சிங்கி போய்வந்த ஊர்களையும் ஒவ்வோர் ஊரிலும் அவள் பெற்றதையும் எழுதச் சொல்லப்போகிறேன். ஐந்து மதிப்பெண்.