அயல்குடி வகுத்த இலக்கணம்

குடிமகன் யார் என்று ஆராய்கிறது அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதி. ஆராய்ந்தவரோ ஏதென்ஸின் குடிமகனல்லர்! கி.மு. 384-இல் ஸ்டகீராவில் பிறந்த அப்பேரறிஞர், ஏதென்ஸில் இருந்த காலமெல்லாம் 'மெட்டிக்' எனப்படும் அயல்குடியாகவே வாழ்ந்தார். அத்தகைய ஆண்மகன் ஆண்டுதோறும் 12 திரக்மா வரி செலுத்த வேண்டும். மக்கள் மன்றத்தில் வாக்களிக்கவியலாது. தனிச்சலுகை பெற்றாலன்றி நிலமும் வாங்கவியலாது.

தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாயிருத்தல் வேண்டும் என்பது கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொணர்ந்த சட்டம். இத்தகைய பிறப்பு விதியை அரிஸ்டாட்டில் ஒரே கேள்வியால் மடக்குகிறார்: பாட்டனுக்குப் பாட்டன் எங்ஙனம் குடிமகனானான்? நகரை முதன்முதல் நிறுவியோருக்குக் குடிமக்களான பெற்றோர் ஏது? நூலில் நாம் பெரிதும் சுவைத்த இடம் இதுவே. நீதி வழங்குவதிலோ ஆட்சி ஆலோசனையிலோ பங்குகொள்ளும் உரிமையுடையவனே குடிமகன் என்பது அவர் முடிபு.

அவ்வுரிமையை யாருக்கு அளிப்பது என்னும் வாசலில் அவர் நின்றுவிடுகிறார். ஓரிடத்தில் வசிப்பதால் மட்டும் ஒருவன் குடிமகனாகான். அயல்குடிகளும் அடிமைகளுங்கூட வசிக்கின்றனரே என்று, தம் நிலையையும் உள்ளடக்கிச் சலனமின்றிக் கூறுகிறார். அடிமையை உயிருள்ள கருவி என்றவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! ரோமரோ, குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமைக்கு, உயர்பதவிகளை மறுத்தபோதிலும், குடியுரிமை தந்தனர்.

இந்நூல் கைக்கு எட்டாமையால்தான் இப்னு ருஷ்து பிளேட்டோவின் 'குடியரசு'க்கு உரை கண்டார். செவில்லிலும் கொர்தோவாவிலும் காழியாக அமர்ந்து தீர்ப்பளித்த அவர், அந்தப் 'பாட்டன்' கேள்வியைப் படித்திருந்தால் அதை எதுவரை கொண்டு சென்றிருப்பாரோ?